‘வாட்டர்’ படமும் நம்ம ஊர் விதவைகளோட நார்மடிப் புடவையும்: காசியில் மட்டுமா நடந்தது?

கல்பாத்திப்புழை எழுதியது:

தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ படத்தை ரொம்ப நாளாத் தள்ளிப்போட்டு இப்பத்தான் பார்த்தேன். 2005-ல் டொராண்டோ விழாவில் காட்டின படம், நம்ம நாட்டுத் தியேட்டருக்கு 2007-ல்தான் வந்தது. இத்தனை வருஷம் கழிச்சுக் கதையைச் சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டேள்னு நம்பி எழுதறேன்.

காலம் 1938. சுய்யாங்கற எட்டு வயசுக் குழந்தை மாட்டுவண்டியில கரும்பைக் கடிச்சுண்டு போறா. ராத்திரி அப்பா எழுப்பறார். உனக்குக் கல்யாணம் ஆனது ஞாபகம் இருக்கான்னு கேக்கறார். இல்லேங்கறா. உன் புருஷன் போயிட்டான், நீ இப்ப விதவைங்கறார். “எதுவரைக்கும்ப்பா?” அதான் குழந்தை கேக்கற கேள்வி. அடுத்தாப்ல வளையலை உடைக்கறா, தலையை மழிக்கறா, கங்கைக்கரையில ஒரு விதவைகள் ஆசிரமத்துல தள்ளிட்டுப் போயிடறா.

நான் இங்க எழுத வந்ததுக்குக் காரணம் வேற. எங்க ஊரைப் பத்தி ‘காசியில் பாதி கல்பாத்தி’ன்னு சொல்லுவா. அந்தப் பேரு வந்த கதையிலயும் ஒரு விதவைதான் இருக்கா. லக்ஷ்மி அம்மாள்னு பேரு. காசிக்குப் போனவ அங்கேயே கிடந்து சாகல, பாணலிங்கம் ஒண்ணைத் தூக்கிண்டு திரும்பி வந்தா. பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சன்கிட்ட கைப்பணத்தைக் குடுத்து, ஆத்தங்கரையில விசுவநாதர் கோவில் கட்டச் சொன்னாள்னு ஸ்தல வரலாறு. 1425-ங்கறா. நாங்க ‘குண்டம்பலம்’னு சொல்ற, படி இறங்கிப் போற கோவில் அது. ஐப்பசித் தேருக்கு வந்தவாளுக்குத் தெரியும்.

என் சந்தேகம் இதாக்கும். 15-ஆம் நூற்றாண்டு விதவை கையில கோவில் கட்டக் காசு இருந்திருக்கு. 1938 விதவை, படத்துலயும் சரி எங்க கிராமத்துலயும் சரி, ஒரு லட்டுக்கு ஏங்கறா. நடுவுல அந்தக் காசு எங்க போச்சு?

படப்பெட்டி எழுதியது:

நல்ல கேள்வி. அதுக்கு முன்னாடி படம் எடுத்த கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன், தெரியாதவங்களுக்காக.

முதல்ல 2000-ல் காசியிலேயே ஷூட்டிங் ஆரம்பிச்சாங்க. ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாஸும் மொட்டையே அடிச்சுக்கிட்டாங்க. மத்திய அரசு அனுமதி கையில இருந்தும், ஒரு கும்பல் வந்து செட்டை உடைச்சுக் கங்கையில தள்ளுச்சு. உ.பி. அரசு ஷூட்டிங்கை நிறுத்திடுச்சு. அப்புறம் சில வருஷம் கழிச்சு, வேற நடிகர்களை வெச்சு, வேற பேர் சொல்லி, இலங்கையில எடுத்து முடிச்சாங்க. நீங்க பார்த்த காசிப் படித்துறை இலங்கையில போட்ட செட். சுய்யாவா நடிச்ச சரளாவும் இலங்கைப் பொண்ணுதான். இந்தி தெரியாது, வசனத்தைச் சத்தத்தால் மனப்பாடம் பண்ணிச் சொல்லியிருக்கு. பார்த்தா அப்படியா தெரியுது?

பாட்டு நம்ம ரஹ்மான். கனடா சார்புல ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. ஆசிரமத்தை ஆட்டி வைக்கிற மதுமதி கிழவியா நடிச்சவங்க பேரு மனோரமா. டைட்டில்ல பார்த்துட்டு நம்ம ஆச்சியான்னு எங்க வீட்ல ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. இவங்க இந்தி மனோரமா.

காசு எங்க போச்சுங்கிறதுக்குப் படத்துலயே பதில் இருக்கு. ஏன் இப்படி அனுப்பிடறாங்கன்னு பேச்சு வரும்போது, கல்யாணிங்கிற இளம் விதவையைக் காதலிக்கிற நாராயணன் சொல்றான்: சாப்பாட்டுக்கு ஒரு வாய் குறையும், நாலு புடவை மிச்சம், வீட்ல ஒரு மூலை காலியாகும், மதம்ங்கிறது மேல போர்த்தின வேஷம், உள்ள இருக்கறது பணம்னு. அந்த ஒரு வசனத்தைச் சொல்லிட்டுப் படம் காதல் பக்கம் போயிடுது. அங்கேயே நின்னிருக்கணும்னு எனக்குத் தோணும்.

மலம்புழை டேம் எழுதியது:

ஆரம்பிச்சுட்டீங்களா. நம்ம அழுக்கை வெளிநாட்டுக்காரன் முன்னாடி துவைச்சு விருது வாங்குற படத்துக்கு இங்க ஒரு இழை. ராஜாராம் மோகன் ராய், வித்யாசாகர்னு நம்மாளுங்களே எல்லாத்தையும் மாத்தியாச்சு. 1856-லயே விதவை மறுமணச் சட்டம் வந்தாச்சு. அப்புறம் 1938-ல் நடக்கிறதாக் காட்டினா என்ன அர்த்தம்?

நகரி தறி எழுதியது:

மலம்புழை அண்ணே, சட்டம் வந்த மறுநாளே எல்லாம் சரியாப்போச்சுன்னா அப்புறம் எங்க தெலுங்குச் சீர்திருத்தக்காரர் வீரேசலிங்கம் பந்துலுவுக்கு என்ன வேலை? 1856-ல் சட்டம். ராஜமுந்திரியில அவர் முதல் மறுமணத்தை நடத்தி வெச்சது 1881 டிசம்பர் 11. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு. அதுக்கே கல்யாணத்துக்கு வந்தவங்களை ஜாதிப் பிரஷ்டம் பண்ணாங்க. தண்ணி எடுக்கவும் சமைக்கவும் ஆள் வரலை.

நாங்க ஆந்திராக்குள்ள இருக்கிற தமிழாளுங்க. 1960-ல் திருத்தணி மெட்ராஸுக்குப் போச்சு, நகரி, புத்தூர் எல்லாம் இந்தப் பக்கமே நின்னுடுச்சு. இஸ்கூல்ல தெலுங்குதான். குரஜாட அப்பாராவோட ‘கன்யாசுல்கம்’ நாடகம் எங்க வாத்தியார் வாசிச்சுக் காட்டுவார், கிளாஸே சிரிக்கும். இப்ப நினைச்சா அதுல சிரிக்க என்ன இருக்குன்னு தோணுது. பொண்ணுக்கு விலை வாங்கிக்கிட்டுக் கிழவனுக்குக் கட்டிக் குடுக்கிறாங்க. அவன் அஞ்சு வருஷத்துல போயிடுவான். புச்சம்மான்னு ஒரு சின்ன வயசு விதவை வருவா, அவளைக் கிரீசம்னு ஒருத்தன் சீர்திருத்தம் பேசியே மயக்கப் பார்ப்பான். சீர்திருத்தக்காரன் வேஷத்துல இருக்கிற ஃப்ராடையும் சேர்த்துக் காட்டினதால அந்த நாடகம் நின்னுச்சு. ‘வாட்டர்’ல நாராயணன் காந்தி பக்தன், அழகன், பணக்காரன், ஒரு குறை கிடையாது. இவன் ஒரு சீன்லயாவது தடுமாறினா நம்பியிருப்பேன்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

வணக்கமுங்க. நான் படம் பார்க்கலீங்க, டிரெய்லர்தான் பார்த்தேன். ஆனா இதென்னமோ ஐயமாருங்க சங்கதி மட்டும்னு பேச்சுப் போகுது. அப்படி இல்லீங்க.

எங்க பக்கம் மொட்டை அடிக்கிறதில்லீங்க. வெள்ளைச்சீலை. எங்கம்மாயி, அம்மாவைப் பெத்தவங்க, சாகுற வரைக்கும் வெள்ளைச்சீலைதான், ரவிக்கை கிடையாது. பதினாறாம் நாள் பொறந்த வீட்டுல இருந்து கோடி போடுவாங்க, அதோட நிறமெல்லாம் முடிஞ்சுது. கல்யாணம்னா சீரெல்லாம் நடத்தி வைக்க அருமைக்காரர் வருவாரு. அவரும் சரி, அருமைக்காரியும் சரி, ஜோடி குறையாதவங்களா இருக்கோணும். எங்கம்மாயிக்கு நூறு சீர் மனப்பாடம். எதுக்கப்புறம் எதுன்னு அருமைக்காரிக்கே உள்ள இருந்து சொல்லிக் குடுக்கும். ஆனா மணவறைப் பக்கம் வராது. சமையக்கட்டு வாசல்ல நின்னுக்கிட்டே கல்யாணம் பூராவும் நடத்தும்.

இன்னொண்ணு. எங்க தோட்டத்துல வேலை செஞ்சவங்க சனத்துல அறுத்துக் கட்டுற வழக்கம் இருந்துச்சுங்க. புருஷன் செத்தா அடுத்த வருசமே இன்னொருத்தனைக் கட்டிக்குவாங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தச் சனத்துலயே கொஞ்சம் காடு கழனி வாங்கி மேல வந்த குடும்பங்க முதல்ல நிறுத்துனதே இதைத்தானுங்க. “நாங்க அறுத்துக் கட்டுற சாதி இல்லே”ன்னு சொல்றது பெருமை ஆயிப்போச்சு. காசு வர வர விதவைக்கு வழி அடைஞ்சுது. எனக்கு இது இப்பவும் புரியறதில்லை.

சித்தூர் வக்கீல் எழுதியது:

கொழிஞ்சாம்பாறைக்காரர் கேட்டதுக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பதில் இருக்கிறது. (நான் கேரளச் சித்தூர். போன இழையில் ஒருவர் என்னை ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து செம்மரக் கேஸ் பற்றிக் கேட்டிருந்தார்.)

எல்லோரும் 1856 சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கியது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் இரண்டாம் பிரிவைப் படியுங்கள். மறுமணம் செய்துகொள்ளும் விதவைக்கு முதல் புருஷன் சொத்தில் உள்ள உரிமை, அவளே அன்று இறந்துவிட்டதைப் போல முடிந்துபோகும். கட்டிக்கொள்ளலாம், ஆனால் வெறுங்கையோடு போ. அதைவிட மோசம், மறுமணம் காலங்காலமாக வழக்கத்தில் இருந்த சாதிகளுக்கும் இதே விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் பொருத்தியது. அலகாபாத் மட்டும் வேறு மாதிரிப் பார்த்தது. ஆக, நிலம் இருக்கிற குடும்பத்தில் விதவை மறுமணம் என்பது சொத்துக் கணக்காகிவிட்டது. நிலம் இல்லாதவர்களுக்கு இழக்க எதுவும் இல்லை, அவர்கள் அறுத்துக் கட்டினார்கள்.

இப்போது படத்துக்கு வருகிறேன். ஆசிரமத்து விதவைகளில் ஒருத்தியான சகுந்தலாவிடம் பூசாரி சதானந்தர், விதவை மறுமணத்துக்கு ஆதரவாகச் சமீபத்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறது என்கிறார். அப்படியானால் எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று அவள் கேட்க, நமக்கு ஆதாயமில்லாத சட்டத்தை நாம் கண்டுகொள்வதில்லை என்கிறார். அருமையான காட்சி. ஆனால் 1938-ல் அந்தச் சட்டத்துக்கு 82 வயது! ‘சமீபத்தில்’ வந்தது என்றால் அது 1937-ன் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டமாகத்தான் இருக்க முடியும். புருஷன் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு விதவைக்குக் கிடைத்தது அதில்தான். அதுவும் ஆயுள் வரை அனுபவிக்கலாம், இஷ்டத்துக்கு விற்க முடியாது, அவளுக்குப் பிறகு புருஷன் வாரிசுகளுக்கே திரும்பும். பூசாரி இந்தச் சட்டத்தைச் சொல்லியிருந்தால் ஆசிரமத்தில் பாதிப் பேர் எழுந்து ஊருக்கு நடந்திருப்பார்கள்.

நம் பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாலக்காடும் கொல்லங்கோடும் அன்று பிரிட்டிஷ் மலபார், சென்னை மாகாணம். சித்தூர் கொச்சி சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் சமஸ்தானத்துக்குள் தானாகச் செல்லாது. பாலக்காட்டில் விதவையான அக்காவுக்கு ஒரு சட்டம், சித்தூரில் விதவையான தங்கைக்கு வேறு சட்டம். நடுவில் சில மைல் தூரம்தான்.

மலம்புழை டேம் எழுதியது:

சட்டமெல்லாம் சரி. படத்துல விதவைங்களை வெச்சு ஆசிரமத்துக்காரி தொழில் பண்றாளே, அது எல்லா ஆசிரமத்துலயும் நடந்துச்சுன்னு சொல்ல வர்றாங்களா? அதைத்தான் நான் எதிர்க்கிறேன். கேரளாவுல நாயர் வீட்ல இதெல்லாம் கிடையாதே. மருமக்கத்தாயம், அதாவது தாய்வழிச் சொத்துரிமை, பொண்ணு தறவாட்டுலேயே, பொறந்த குடும்ப வீட்லயே இருப்பா, புருஷன் செத்தா அவ வாழ்க்கை மாறாது. இந்து விதவைன்னு ஒரே மூட்டையாக் கட்டாதீங்க.

நகரி தறி எழுதியது:

இப்ப நீங்களே நாங்க சொல்றதைத்தான் சொல்றீங்க. பொண்ணு பேர்ல வீடும் சொத்தும் இருந்த இடத்துல விதவைக்கு ஒண்ணும் ஆகலை.

நூரணிப் பேத்தி எழுதியது:

ரெண்டு நாளா படிச்சுண்டு மட்டும் இருந்தேன். மலம்புழை சார் சொன்னதுல ஒண்ணு நியாயம், எல்லாரையும் ஒரே மூட்டையாக் கட்டக்கூடாது. நம்பூதிரி இல்லத்துல அந்தர்ஜனங்களுக்கு, அதாவது அவாத்துப் பொம்மனாட்டிகளுக்கு, மொட்டை கிடையாது. ஆனா கிழட்டு நம்பூதிரிக்கு மூணாவதா வாக்கப்பட்டு இருபதுல விதவையானவா எத்தனையோ பேர். அங்கயும் 1934-லதான் எம்.ஆர்.பி.ங்கற எம்.ஆர். பட்டதிரிப்பாடு உமா அந்தர்ஜனத்தைக் கட்டிண்டு முதல் விதவா விவாகம் நடந்தது. பக்கத்துத் தெருவுல எங்க தமிழ்க் கிராமத்துல அப்பவும் மாசாமாசம் நாவிதர் கொல்லப்புறம் வந்துண்டிருந்தார்.

எங்க அத்தைப்பாட்டியைப் பத்திச் சொல்றேன். கல்யாணத்துல ஒம்பது வயசு, விதவையாறச்சே பன்னெண்டு. குழந்தைக் கல்யாணத்தைத் தடுத்த சாரதா சட்டத்துக்கு முன்னாடி. கொல்லங்கோட்டுப் பக்கம் வாக்கப்பட்டவா, நூரணியில பொறந்தாத்துக்கே திரும்பி வந்துட்டா. வெளிறிய காவியில ஒரு நார்மடி, அதைத் துவைச்சுக் காயப்போட்டா இன்னொண்ணு. பகல்ல ஒரு வேளைதான் சாதம். ராத்திரி அவலோ தோசையோ, ஏகாதசின்னா அதுவும் இல்லை. ஆனா ஆத்துல இருபது பேருக்கு அவாதான் சமையல், மடியா. யார் பிரசவம்னாலும் அவாதான் பத்தியம். படத்துல ஆசிரமத்துக்குத் தள்ளிட்டுப் போறா பாருங்கோ, எங்க ஊர்ல யாரும் யாரையும் எங்கயும் அனுப்பலை. சம்பளமில்லாத சமையக்காரியை யார் காசிக்கு அனுப்புவா?

காசுக்கு வரேன். புருஷாத்துல இருந்து அவாளுக்கு சீவனாம்சம் வருஷத்துக்கு இத்தனை பறை நெல்லுன்னு ஏற்பாடு. பறைங்கறது எங்க பக்கத்து நெல் அளவு. குடியானவர் வண்டியில கொண்டுவந்து இறக்குவார். எங்க தாத்தா, அதாவது அவா தம்பி, அளந்து பத்தாயத்துல கொட்டிடுவார், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா கலவறைச் சுவத்துல, பத்தாயத்துக்குப் பின்னாடி, கரிக்கட்டையால பறைக்கு ஒண்ணா கோடு போட்டு வெப்பா. அஞ்சாவது கோடு குறுக்க. சின்னப் பொண்ணா நான் பார்த்து, என்ன பாட்டி இதுன்னு கேட்டிருக்கேன். “என்னோடது”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. வருஷா வருஷம் தை மாசம் வெள்ளையடிப்பா, கோடு போயிடும், திரும்பப் போடுவா.

1970-ல நிலச் சீர்திருத்தம் வந்து பாட்டம், அதாவது குத்தகை நெல்லு, நின்னுது. குடியானவருக்கு நிலம் கிடைச்சது, அது நியாயம்தான், அவர் பாட்டனார் காலத்துலேர்ந்து உழுதவர். ஆனா பறை நெல்லு வராத முதல் வருஷமே ஆத்துல பேச்சு மாறித்து. அதுவரைக்கும் ‘அத்தை’, அப்புறம் ‘அத்தை வேற இருக்கா’. அறுபது தாண்டின பொம்மனாட்டி அப்பளம் இட்டு, கொண்டாட்ட மிளகாய் போட்டு, பக்கத்தாத்துக்கெல்லாம் வித்தா. அந்தக் காசை யார்கிட்டயும் குடுக்கலை. ஆர்லிக்ஸ் டப்பாவுல போட்டு மூடி, நார்மடித் துண்டால கட்டி வெச்சுப்பா.

படத்துல அந்தக் கிழப்பாட்டி, கல்யாணத்துல தின்ன லட்டையே சாகற வரைக்கும் நெனச்சுண்டிருப்பாளே, அந்த இடத்துல எல்லாரும் அழுதேன்னு எழுதறா. எனக்கு அழுகை வரலை, கோவம்தான் வந்தது. எங்க அத்தைப்பாட்டி லட்டுக்கு ஏங்கலை. நூறு கல்யாணத்துக்கு லட்டு பிடிச்சவா அவாதான்.

கல்பாத்திப்புழை எழுதியது:

பேத்தி, நீங்க எழுதினது என் கேள்விக்குப் பதில். வேற சொல்ல ஒண்ணுமில்லை. சீவனாம்ச நெல்லு எங்காத்துலயும் வந்துண்டிருந்தது. யார் பேருக்கு வந்ததுன்னு நான் கேட்டதே இல்லை.

படப்பெட்டி எழுதியது:

அந்தக் கரிக்கோட்டை யாராவது படமா எடுத்தா நல்லாருக்கும்.

‘வாட்டர்’ மேல எனக்கிருக்கிற குறையும் இதுக்குப் பக்கத்துலதான். கல்யாணிக்கு மட்டும் தலைமுடி இருக்கு. அக்கரையில பணக்காரங்க வீட்டுக்கு அவளை அனுப்பறாங்க, அதுக்காக வளர விட்டிருக்காங்கன்னு கதையில காரணம் வருது. சரி. ஆனா கேமரா அந்த முடியை விட்டு நகரவே மாட்டேங்குது. காதலும் அவளுக்கு, பாட்டும் அவளுக்கு, கடைசியில ஆத்துல விழுந்து சாகறதும் அவ. உண்மையில அது சகுந்தலாவோட படம். சீமா பிஸ்வாஸ் பேசாமலேயே பண்ணியிருக்காங்க. சாஸ்திரம் சொல்றதை அப்படியே நம்பினவ, கடைசியில சுய்யாவைத் தூக்கிக்கிட்டு ரயில் பின்னாடி ஓடறா. காந்தி இருக்கிற ரயில். குழந்தையை நாராயணன் கையில குடுத்துட்டு அவ பிளாட்ஃபார்ம்லயே நின்னுடறா. ரயில் போனப்புறம் அவ எங்க போனா, என்ன சாப்பிட்டான்னு படம் சொல்லலை.

சித்தூர் வக்கீல் எழுதியது:

18 வருஷம் தாக்குப்பிடித்திருந்தால் சகுந்தலாவுக்கு 1956 வாரிசுரிமைச் சட்டம் கிடைத்திருக்கும். அதன் 14-ஆம் பிரிவு, அதுவரை ஆயுள் உரிமையாக மட்டும் அவள் கையில் இருந்ததை முழு உரிமையாக்கியது. விற்கலாம், உயில் எழுதலாம். ஆனால் இறந்த மகனின் விதவை போன்ற சிலர் மறுமணம் செய்திருந்தால் பங்கு கிடையாது என்ற 24-ஆம் பிரிவு 2005 வரை இருந்தது. இந்தப் படம் டொராண்டோவில் ஓடிய அதே செப்டம்பரில்தான் அது நீங்கியது.

மலம்புழை டேம் எழுதியது:

சரி, அந்த லட்டு விஷயம் எனக்கும் புதுசு. படத்தைத் திரும்பப் பார்க்கிறேன். ஆனா காந்தி கிளைமாக்ஸ் சினிமாத்தனம், அதை மாத்திக்க மாட்டேன்.

நகரி தறி எழுதியது:

அதுல உங்க கட்சிதான் நானும்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

எல்லாரும் பெரியவங்களா இருக்கீங்க, ஒரு ரோசனை கேக்கறேனுங்க. வர்ற வைகாசியில மகளுக்குக் கல்யாணம். எங்கப்பா போய் நாலு வருசமாச்சு. தாலித்தட்டு ஆசீர்வாதத்துக்குச் சபையைச் சுத்தி வரும்ல, அதை முதல்ல அப்பத்தாகிட்டத்தான், எங்கம்மாகிட்டத்தான், கொண்டு போவேன்னு மக ஒத்தக்கால்ல நிக்கறா. அருமைக்காரர் எங்க பெரியப்பாதான். அவரு வாயைத் திறக்கலை, மூஞ்சி மட்டும் ஒரு மாதிரி இருக்கு.

நூரணிப் பேத்தி எழுதியது:

அவர்கிட்ட உத்தரவு கேக்காதீங்கோ. கேட்டா அவர் ஏதாவது சொல்லியாகணும். தட்டு சபைக்கு வர்றதுக்கு முன்னாடி பொண்ணே நேரா எடுத்துண்டு போய் அப்பத்தா மடியில வெக்கட்டும். நாலு பேர் பார்க்கறதுக்குள்ள முடிஞ்சுடும். 2023-ல ஈரோட்டுப் பக்கம் ஒரு விதவையைக் கோவிலுக்குள்ள விடமாட்டேன்னப்போ சென்னை ஹைகோர்ட் நன்னா உறைக்கிறமாதிரி சொல்லித்து. பெரியப்பாவுக்கு அதை வாட்ஸப்ல அனுப்பிடுங்கோ, பேச வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை எழுதியது:

நேத்து ராத்திரி அம்மாகிட்டயே கேட்டுட்டேனுங்க. “தட்டைத் தொடறதெல்லாம் கெடக்கட்டும், புள்ள ஆசைப்பட்டாத் தொடறேன். உங்கப்பன் தோட்டத்துல எம்பேரு எப்ப ஏறும்?”னு கேக்குது. நாலு வருசமா மனசுல வெச்சிருந்துருக்குது.

சித்தூர் வக்கீல் எழுதியது:

அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அம்மாவுக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சமப் பங்கு. அப்பாவின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதாரம் (நிலப் பத்திரம்), கடைசி நிலவரி ரசீது நாலையும் எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசில் போக்குவரவுக்கு, அதாவது பேர் மாற்றத்துக்கு, மனு கொடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல்யாணச் செலவுக்குத் தோட்டத்தை அடமானம் வைக்கிற யோசனை இருந்தால், பேர் ஏறிய பிறகு, அவர் கையெழுத்தோடு செய்யுங்கள்.